கையெழுத்து என்றால் எது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனை முடித்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு இளைஞர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். மதுரையிலிருந்து வருவதாகச் சொன்னார். ஜங்ஷன் பக்கம் எனக்குப் பழக்கமான பழைய புத்தகக் கடைக்காரர்தான் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்.

"சார், உங்ககிட்ட பழைய ஆட்டோகிராப் நோட்டு ஒண்ணு இருக்குன்னு அண்ணாச்சி சொன்னாங்க. நான் ஆர்ட்டிஸ்ட்டுங்க கையெழுத்து சேக்கிறேன். காமிக்ஸ் ஆர்ட்டிஸ்ட்னா விடவே மாட்டேன்" என்றார்.

காமிக்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தம்பி செல்போனைத் திறந்து தன்னுடைய சேகரிப்பை ஒவ்வொன்றாகக் காட்டினார். வெளிநாட்டுக் காமிக்ஸ் ஓவியர்கள் ரசிகர்களுக்கு எழுதிய கடிதங்கள். எல்லாம் இணைய ஏலத்தில் வாங்கியவை. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. சில கடிதங்கள் டைப் அடித்தவை, அடியில் மட்டும் மசியில் ஒப்பம். சிலவற்றில் ஓரத்தில் ஒரு சின்னப் படம்.

ஒரு கடிதம் என் கண்ணை இழுத்தது. பக்கம் முழுக்க நெருக்கி நெருக்கிக் கையால் எழுதியிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கார் தம்பி?"

"தெரியல சார். இன்னும் படிக்கல. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஆனா கையெழுத்து ஒரிஜினல். சர்டிபிகேட் இருக்கு."

அதற்குப் பிறகு என் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். அவர் மரியாதையாகவே விடைபெற்றுப் போனார். அந்தப் பக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் அவருக்குத் தொற்றியிருக்கும் இந்தப் பழக்கத்தைத் திட்டத்தான் போகிறேன்.

நம் தமிழில் கையெழுத்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். "பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றால் அவன் எழுதுகிற எழுத்து முழுவதும். "பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்றால் அடியில் போடும் ஒப்பம். ஒரு கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. சேகரிப்பவர்களும் வியாபாரிகளும் சேர்ந்து முதல் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டாவதை மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். என் வழக்கு இவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்கலாம். 1976ல் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராகச் சேர்ந்தேன். 2015ல் ஓய்வு பெற்றேன். முப்பத்தொன்பது வருடம் கடிதங்களோடுதான் ராத்திரியும் பகலும். லட்சக்கணக்கான கடிதங்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் வேலை போய்விடும். விலாசம் தெரியாத கடிதங்களுக்கென்று ஆர்.எல்.ஓ. என்று தனி அலுவலகம் உண்டு. அங்கே மட்டும்தான் பிரிக்கலாம். அதுவும் யாருக்குச் சேர வேண்டும், யாருக்குத் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக. ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே ஒரு இலாகா நடந்தது. போய்ச் சேர்ந்த கடிதத்தைக் காசு கொடுத்து வாங்கி, மூன்று வருடம் படிக்காமல் உறையில் போட்டு வைப்பதற்கு என்ன பெயர்? எங்கள் இலாகா பாஷையில் அதற்கு "டெலிவரி ஆகவில்லை" என்று பெயர்.

காமிக்ஸுக்கு வருகிறேன். 1972ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். என் வயதுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தக் கையை வரைந்த கை யாருடையது? அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அது 1962ல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதை. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து இங்கிலாந்து காமிக்ஸ் கம்பெனிகளுக்கு ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. எனக்கு அவர் பெயர் தெரியவந்ததே பல வருடம் கழித்துத்தான். 1995ல் அவர் காலமாகிவிட்டார். கடிதம் எழுதக் கை துடித்த வயதில் விலாசம் மட்டுமல்ல, பெயரே கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் அமெரிக்காவில் நடந்தது. டொனால்ட் டக் வாத்துக் கதைகளை 1942லிருந்து காமிக்ஸ் புத்தகங்களுக்கு வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். அங்கிள் ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச மகாப்பிரபு 1947ல் அவர் பேனாவிலிருந்து வந்ததுதான். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. வால்ட் டிஸ்னி என்றுதான் இருக்கும். குழந்தைகள் ஏமாறவில்லை. கோட்டைப் பார்த்தே இது அவர், இது வேறு ஆள் என்று பிரித்துச் சொன்னார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல வாத்து ஓவியர்' என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். 1960ல்தான் ஒரு ரசிகரின் கடிதம் நேராக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அப்போது பார்க்ஸுக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. 1966ல் ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு 2000ல் தொண்ணூற்றொன்பது வயதில் மறையும்வரை எத்தனையோ ரசிகர்களுக்குப் பதில் எழுதினார். அவர் எப்படிக் கதை யோசித்தார், வெளிநாட்டுக் காட்சிகளுக்கு நேஷனல் ஜியாகிரபிக் இதழ்களை எப்படிப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறதென்றால், அந்தக் கடிதங்களும் பேட்டிகளும்தான் காரணம். அவர் கடிதத்தில் விலைமதிப்பு எங்கே இருக்கிறது? அடியில் உள்ள 'கார்ல் பார்க்ஸ்' என்ற ஒப்பத்திலா, மேலே உள்ள இருபது வரிகளிலா?

ஒப்பத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மிக்கி மவுஸ் தினசரிப் படத்தொடரை 1930லிருந்து 1975வரை, நாற்பத்தைந்து வருடம் வரைந்தவர் ஃப்ளாய்ட் காட்ஃப்ரெட்சன். பத்திரிகையில் வந்த பெயரோ டிஸ்னியுடையது. அது மட்டும் இல்லை, ரசிகர்களுக்குப் போன படங்களிலும் அட்டைகளிலும் டிஸ்னியின் ஒப்பத்தையே ஹேங்க் போர்ட்டர் போன்ற ஸ்டூடியோ ஓவியர்கள் அனுமதியோடு போட்டிருக்கிறார்கள். ஆக, வரைந்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது, ஒப்பம் போட்டவர் மூன்றாமவர். சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு எதைப் பூஜிக்கிறோம்?

இப்போது என் வழக்குக்கு முக்கியமான சாட்சியைக் கூப்பிடுகிறேன். 'பீனட்ஸ்' என்ற படத்தொடர், அதில் வரும் சார்லி பிரவுன், ஸ்னூபி நாய். உங்கள் பேரப்பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலாவது ஸ்னூபியைப் பார்த்திருப்பீர்கள். அதை 1950லிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம் தனி ஆளாக வரைந்தவர் சார்லஸ் ஷுல்ஸ்.

1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு நாள் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஹாரியட் கிளிக்மன் என்ற பள்ளி ஆசிரியை ஷுல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் படத்தொடரில் ஒரு கறுப்பினக் குழந்தையைச் சேர்க்கக் கூடாதா என்பதுதான் செய்தி. ஷுல்ஸ் அந்த மாதமே பதில் எழுதினார். செய்ய ஆசைதான், ஆனால் நாங்கள் மேலிருந்து தயவு காட்டுவது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். அந்த அம்மாள் விடவில்லை. உங்கள் கடிதத்தை என் கறுப்பின நண்பர்களிடம் காட்டலாமா என்று கேட்டார். அவர்களையும் எழுதவைத்தார். குழந்தை வளர்க்கிற தகப்பனாக ஒருவர் தன் எண்ணத்தை எழுதினார். ஜூலை முதல் தேதி ஷுல்ஸிடமிருந்து கடிதம் வந்தது, இந்த மாதக் கடைசி வாரப் பேப்பரைப் பாருங்கள் என்று. ஜூலை 31ஆம் தேதி, ஃப்ராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் கடற்கரையில் சார்லி பிரவுனைச் சந்தித்தான்.

இதை யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் ஷுல்ஸ் எழுதிய அந்த முதல் பதில் மட்டும் தனியாக ஏலத்துக்கு வந்து, ஒருவர் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அசல் ஒப்பம், நல்ல விலை. ஆனால் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? பயந்து ஒதுங்கிய ஒரு மனிதர் தெரிவார். அவ்வளவுதான். ஆசிரியையின் கடிதம் இல்லை, நண்பர்களின் கடிதம் இல்லை, ஜூலைக் கடிதம் இல்லை. ஒரு மனிதரின் மனம் மூன்று மாதத்தில் தபால் வழியாக மாறியதே, அந்த அதிசயம் காணாமல் போயிருக்கும். ஏனென்றால் அந்த ஆசிரியையின் ஒப்பத்துக்குச் சந்தையில் விலை கிடையாது. அந்தத் தகப்பனின் ஒப்பத்துக்கும் கிடையாது. இந்தக் கதையில் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறவர்கள் விலை இல்லாத அந்த இரண்டு பேர்தான்.

இதே ஷுல்ஸின் இன்னொரு கட்டுக் கடிதங்களின் கதையையும் சொல்ல வேண்டும். 1970-71ல், திருமணமாகி இருந்த காலத்தில், ஒரு இளம்பெண்ணுக்கு அவர் எழுதிய காதல் கடிதங்கள். ஓரங்களில் ஸ்னூபி, சார்லி பிரவுன் படங்களோடு. அவர் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 2012ல் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்துக்கு அவை வந்தன. இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று மதிப்புப் போட்டார்கள். விலை போகவில்லை. வாசித்தபோது எனக்கு ஒரு அற்பத் திருப்தி. அந்தப் பெண் குடும்பத்தின் சிரமம் என்ன என்று நமக்குத் தெரியாது, அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் தடம் தவறிய ஒரு மனிதனின் தனிமையை, இத்தனை கடிதம், இத்தனை படம், இவ்வளவு மதிப்பு என்று அட்டவணை போட்டுக் கடைபரப்பியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டம்கூட இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. கடிதம் யாருக்கு வந்ததோ அந்தக் காகிதம் அவருக்குச் சொந்தம். ஆனால் அதில் உள்ள வார்த்தைகள் எழுதியவருக்கே சொந்தம். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கு. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 வருடம், அமெரிக்காவில் 70 வருடம். காகிதத்தை விற்கலாம், வார்த்தைகளை அச்சிட அனுமதி வேண்டும். ஒரு கடிதம் இரண்டு பேருக்குச் சொந்தமான பொருள் என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறது. மூன்றாவதாக வந்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது உண்மையில் காகிதம் மட்டும்தான். அதையாவது படிக்கக் கூடாதா?

எதிர்க்கட்சி வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "நாங்கள் வாங்காவிட்டால் இதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்" என்பார்கள். உண்மைதான். நம் வீடுகளில் கடிதங்களை என்ன செய்தோம்? வளைந்த கம்பியில் குத்தி ஆணியில் தொங்கவிட்டோம். கம்பி நிறைந்ததும் வெந்நீர் அடுப்புக்குப் போனது. மிச்சம் எடைக்குப் போனது. வெளிநாட்டிலும் பல காமிக்ஸ் கம்பெனிகள் ஓவியர்கள் வரைந்த மூலச் சித்திரங்களையே தூக்கிப்போட்டவைதான். சேகரிப்பவர்கள் காப்பாற்றியது நிறைய. பெரிய ஏலக்காரர்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் விலை ஏற ஏற, காப்பாற்றுகிற கை எப்படி மாறுகிறது பாருங்கள். டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜியம் ஓவியர் எர்ஜேயின் ஒரு அட்டைப்படம், 1936ல் வரைந்தது, 2021 ஜனவரியில் பாரிசில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. அதில் மடித்த தடம்கூட இருந்தது. அப்படி ஒரு செய்தி வந்தால், அதே மாதிரி ஓவியர்கள் குழந்தைகளுக்கு எழுதிய சாதாரணக் கடிதங்களைத் தேடியும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். படம் இருந்தால் ஒரு விலை, ஒப்பம் மட்டும் என்றால் ஒரு விலை. ஊர் பேர் தெரியாத ஒரு ரசிகனின் பெயர் மேலே இருந்தால் பல வியாபாரிகளுக்கு அது ஒரு குறை. "அன்புள்ள இன்னாருக்கு" என்பது குறையாம்! கடிதத்தின் உயிரே அந்த "இன்னாருக்கு" தானே ஐயா? விலாசம் இல்லாத கடிதம் எங்கள் இலாகாவில் குப்பைக்குச் சமம்.

சரி, என் நோட்டுக்கு வருகிறேன்.

1974ல், பத்தொன்பது வயதில், வாரப் பத்திரிகைகளில் படக்கதை வரைந்துகொண்டிருந்த ஒரு ஓவியருக்குக் கடிதம் எழுதினேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். நானும் அப்போது கொஞ்சம் வரைவேன். இரண்டு படங்களை வைத்து அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். அடியில் ஒப்பம், பக்கத்தில் குதிரை மேல் ஒரு வீரன், நாலைந்து கோட்டில்.

கல்லூரியில் அப்போது ஆட்டோகிராப் நோட்டு வைத்துக்கொள்வது மோஸ்தர். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்தேன். ஒப்பத்தையும் குதிரை வீரனையும் மட்டும் அழகாக வெட்டி நோட்டில் பசை போட்டு ஒட்டினேன். மீதியைப் புத்தகத்துக்குள் எங்கேயோ வைத்தேன். எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வீடு மாறினோம், அப்பா காலமானார், பரண் காலியானது.

அந்த இரண்டு பக்கத்தில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. முகத்தை வரைவதற்கு முன்னால் கையை வரைந்து பழகு என்று சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு பையனுக்காக, வாராவாரம் பக்கங்களை முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு மனிதர், உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நான் அதை வெட்டினேன். அவர் இறந்தும் பல வருடம் ஆகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னது அந்தப் பக்கத்துக்குத்தான். "பேர் கீர் எதுவும் இல்லாம நீட்டா இருக்கு சார்" என்று பாராட்டினார். "மீதி எங்க சார்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேனோ என்னவோ.

அவர் போன பிறகு என் மருமகள் அந்தப் பக்கத்தை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஒட்டிய பக்கத்தில் எழுத்து தெரிகிறது, தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போல. 'ராத்திரியில்' என்று ஒரு சொல் படிக்க முடிந்தது. அடுத்து 'கண்' என்று தொடங்கும் ஒரு சொல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியது நான்தான்.

ஆகவே நண்பர்களே, திட்ட வேண்டிய பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அந்த உரிமையில் நாலு வார்த்தை.

உங்கள் டிரங்குப் பெட்டியில் ஒரு ஓவியரின், எழுத்தாளரின் கடிதம் இருந்தால், முதலில் அதைப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருந்தால், அதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பாதிப் பேச்சு மட்டும் மிஞ்சினால் பிரயோஜனம் இல்லை. உறையைத் தூக்கிப்போடாதீர்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது. உறை மாதிரி நம்பகமான சர்டிபிகேட் வேறு இல்லை. இது முப்பத்தொன்பது வருட சர்வீஸ் சொல்கிறது. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், வறுமைக்கு வெட்கம் இல்லை, விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு விற்கவும். முடிந்தால் நாலு பேர் போய்ப் படிக்கிற ஒரு நூலகத்துக்குக் கொடுக்கவும்.

சேகரிக்கிற தம்பிகளுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த கடிதத்தை வாங்குவதற்கு முன்னால், கையில் இருக்கிற கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

மதுரைத் தம்பியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நேற்றுத்தான் போன் செய்தேன். அந்த நெருக்கி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். "இங்கிலீஷ் கையெழுத்து கொஞ்சம் கஷ்டமா இருக்கு சார், பாத்துச் சொல்றேன்" என்றிருக்கிறார். காத்திருக்கிறேன்.